உங்கள் வீட்டுக்கு இந்தச் சொத்துவரி எப்படி வந்தது?

ஏப்ரலும் அக்டோபரும் வந்தால் போதும், சென்னையில் சொத்துவரி பற்றிய பேச்சு தொடங்கிவிடும். "இடத்தோட விலை ஏறிடுச்சு, அதான் வரியும் ஏறிடுச்சு" என்பார் ஒருவர். "நான் வீட்டை வாடகைக்கே விடல, என்கிட்ட எதுக்கு வாடகைக் கணக்கு?" என்று கேட்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் குறைவு என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. இவற்றில் எதுவும் முழுப் பொய்யல்ல, எதுவும் முழு உண்மையும் அல்ல. வரி ரசீதில் கடைசித் தொகை மட்டும்தான் பெரிதாகத் தெரியும். அந்தத் தொகைக்கு எந்த வழியாக வந்தார்கள் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்குப் பெருநகர சென்னை மாநகராட்சியை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் விகிதங்கள் வேறுபடும். அடிப்படைச் சிந்தனை ஒன்றுதான்.

## எது சொத்துவரி, எது இல்லை

சொத்துவரி என்பது ஓர் ஊரின் உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களுக்கும் மனைகளுக்கும் விதிக்கும் வரி. மாநில அரசுக்கோ மத்திய அரசுக்கோ போவதல்ல. தெருவிளக்கு, குப்பை அகற்றம், உள்சாலைகள், மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, பூங்கா போன்றவற்றுக்கு மாநகராட்சி தன் சொந்தக் கையிலிருந்து செலவழிக்கும் பணத்தில் இதன் பங்கு பெரியது.

வீடு வாங்கும்போது பதிவு அலுவலகத்தில் கட்டும் முத்திரைத்தீர்வை வேறு. அது ஒருமுறை கட்டுவது, மாநில அரசுக்குப் போவது. வீட்டை விற்கும்போது லாபத்தின் மேல் வரும் வருமானவரியும் வேறு. சொத்துவரி ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு என்று இரண்டாகப் பிரித்து வாங்குகிறார்கள். ரசீதில் இருப்பது பெரும்பாலும் அரையாண்டுத் தொகை. அதை ஆண்டுத் தொகை என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

## அசோசியேஷன் பராமரிப்புக் கட்டணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். மாதாமாதம் சதுர அடிக்கு மூன்று ரூபாய் பராமரிப்பு என்று அசோசியேஷன் முடிவு செய்தால், 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 3,000 ரூபாய். உங்கள் சம்பளம் எவ்வளவு, ஃபிளாட்டை எவ்வளவுக்கு வாங்கினீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் அவர்கள் கேட்பதில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் கட்டணம் உண்டு. பரப்பு, ஒரு சதுர அடிக்கான விகிதம் இரண்டும் தெரிந்தால் தொகை தெரிந்துவிடும்.

சொத்துவரியின் தொடக்கமும் இதேதான்: பரப்பு பெருக்கல் விகிதம். ஆனால் இரண்டு இடங்களில் இந்த ஒப்பீடு உடைகிறது. கணக்கின் உயிர் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

முதலாவது, அசோசியேஷன் தன் ஆண்டுச் செலவைக் கூட்டி, மொத்தச் சதுர அடியால் வகுத்து, விகிதத்தைக் கண்டுபிடிக்கிறது. மாநகராட்சி அப்படிச் செய்வதில்லை. பலர் நினைப்பதுபோல் பட்ஜெட்டில் இத்தனை கோடி துண்டு விழுகிறது, அதை வீடுகளுக்குப் பங்கு போடு என்று உங்கள் வரி வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் விதிப்படி ஒரு தொகை வருகிறது. அதையெல்லாம் கூட்டினால் கிடைப்பதுதான் மாநகராட்சிக்கு வருமானம். செலவுக்கு அது போதாவிட்டால் மானியம், கடன் என்று வேறு வழி தேட வேண்டும்.

இரண்டாவது, அசோசியேஷன் பெருக்கலோடு நிறுத்திக்கொள்ளும். மாநகராட்சிக்குப் பெருக்கி வரும் தொகை வரியே அல்ல. அது ஒரு வாடகை. அந்த வாடகையில் ஒரு பங்குதான் வரி.

## வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வாடகை உண்டு

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரி போடலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். விற்பனை விலையை எடுக்கலாம். ஆனால் முப்பது வருடமாக விற்காத வீட்டின் விலையை யார் சொல்வது? ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்கள் வேறொரு வழியைப் பிடித்தன: இந்த வீட்டை நியாயமாக வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும்? அதற்குப் பெயர் ஆண்டு மதிப்பு. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் இதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. நூறாண்டுகள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் சென்னையில் வரி விதிக்கப்பட்டது. 1998இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், நீண்ட காத்திருப்புக்குப் பிறகு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே நீங்கள் குடியிருந்தாலும், வாடகைக்கு விட்டாலும், பூட்டி வைத்தாலும் கணக்கில் ஒரு வாடகை இருக்கும். அது கற்பனை வாடகைதான். நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகையைவிட அது மிகமிகக் குறைவாகவே இருக்கும். இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இந்தக் கணக்குக்குள் நேரடியாக நுழைவதே இல்லை. தெருவில் மனை விலை இரண்டு மடங்கானால் அடுத்த அரையாண்டு வரி இரண்டு மடங்காகாது.

சுருக்கமாக: சொத்துவரி வீட்டின் விலைமேல் விழும் வரியல்ல. அந்த வீட்டுக்கு மாநகராட்சி வைத்துக்கொள்ளும் ஆண்டு வாடகை மதிப்பின்மேல் விழும் வரி.

## அந்த வாடகையை எப்படி முடிவு செய்கிறார்கள்

வீடு வீடாகப் போய் வாடகை விசாரித்தால் வேலை நடக்காது. ஆளுக்கொரு பதிலும் வரும். அதனால் சென்னை மாநகராட்சி தெருவாரியாக ஓர் அடிப்படை விகிதத்தை வைத்திருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு சதுர அடிக்கு மாதம் இத்தனை ரூபாய் என்பதுதான் அது. குடியிருப்புக்கு ஒரு விகிதம், கடை, அலுவலகம் போன்ற மற்றப் பயன்பாடுகளுக்கு இன்னொன்று. நீண்டகாலம் நடைமுறையிலிருந்த அட்டவணையில் குடியிருப்புக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை, மற்றப் பயன்பாடுகளுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை இருந்தது. இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், சந்தை வாடகைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று. இன்று சென்னையில் சதுர அடிக்கு 2 ரூபாய் 40 காசு வாடகையில் யாரும் வீடு தரப்போவதில்லை.

இப்போது ஒரு கணக்கு போடலாம். 1,000 சதுர அடி வீடு, தெருவின் விகிதம் 1 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காகக் கட்டடத்தின் வயது, உரிமையாளரே குடியிருப்பது போன்றவற்றால் வரக்கூடிய சலுகைகளை ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

மாத வாடகை மதிப்பு: 1,000 × 1.50 = 1,500 ரூபாய்.

இதை ஆண்டுக்கு மாற்ற 12ஆல் பெருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் மாநகராட்சி 10.92ஆல் பெருக்குகிறது. வரிக் கணக்கைப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஒரு வீட்டின் வாடகையில் கொஞ்சம் மண்ணுக்கு, மீதி கட்டடத்துக்கு. மண் தேயாது, கட்டடம் தேயும். வெள்ளையடிக்க வேண்டும், ஒழுகலை அடைக்க வேண்டும். அந்தப் பழுதுபார்ப்புக்காகக் கட்டடத்தின் பங்கில் 10 சதவீதத்தைச் சட்டம் கழித்துவிடுகிறது. வாடகையில் பத்தில் ஒரு பங்கு மண்ணுக்கு, ஒன்பது பங்கு கட்டடத்துக்கு என்று வைத்துக் கழித்தால் 100க்கு 91 மிஞ்சும். 12இல் 91 சதவீதம் 10.92. அவ்வளவுதான்.

ஆண்டு மதிப்பு: 1,500 × 10.92 = 16,380 ரூபாய்.

## இனிதான் வரி

ஆண்டு மதிப்பு தெரிந்ததும் அதில் எத்தனை சதவீதம் வரி என்று பார்க்க வேண்டும். சென்னையில் இது ஆண்டு மதிப்பைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு மொத்தம் 12.4 சதவீதம். அதற்குக் கீழே உள்ள படிகளுக்கு விகிதம் குறைவு. ஆனால் இன்று சாதாரண ஃபிளாட்டே 5,000ஐத் தாண்டிவிடுவதால் பெரும்பாலோருக்கு இதுதான் கணக்கு.

நம் உதாரண வீட்டுக்கு: 16,380இல் 12.4 சதவீதம், அதாவது அரையாண்டுக்கு 2,031 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,062.

இந்த 12.4 சதவீதம் ஒரே வரியல்ல, மூன்று சேர்ந்தது. 9 சதவீதம் பொது வரி. 2.5 சதவீதம் கல்வி வரி. மீதி 0.9 சதவீதம் நூலக வரி, அதாவது பொது வரியில் ரூபாய்க்கு 10 காசு. நம் 2,031 ரூபாயைப் பிரித்தால் பொது வரி 1,474, கல்விக்கு சுமார் 410, நூலகத்துக்கு 147.

நூலக வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். நூலகங்களுக்கு ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்தாமல் பணம் வர வேண்டும் என்பதற்காகச் சொத்துவரியோடு இதைக் கட்டிப்போட்டார்கள். நீங்கள் நூலகத்துக்குப் போகாவிட்டாலும் உங்கள் வீடு ஒவ்வோர் ஆண்டும் நூலகத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வரவில்லை என்றால் கேட்கும் உரிமை உங்களுக்கு நிச்சயம் உண்டு.

இதுவரை பார்த்தது மூன்றே படிதான். பரப்பைத் தெரு விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. அதில் 12.4 சதவீதம் எடுத்தால் அரையாண்டு வரி.

## 2022இல் என்ன நடந்தது

இந்தக் கணக்கு போட்டுப் பார்த்தவர்களுக்கும் கையிலிருக்கும் ரசீது ஒத்துப்போகாது. காரணம் 2022 சீராய்வு.

சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சென்னையின் பழைய பகுதியில் 1998க்குப் பிறகும், மாநிலத்தின் மற்ற உள்ளாட்சிகளில் 2008க்குப் பிறகும் அது நடக்கவில்லை. 2018இல் ஓர் உயர்வு வந்தது. வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு 100 சதவீதம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 50 சதவீதமாகக் குறைத்து, பிறகு 2019 நவம்பரில் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த சில வாரங்களில், 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது.

இந்த உயர்வில் இரண்டு விஷயங்கள் பார்க்கப்பட்டன: வீடு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 சதுர கிலோமீட்டரானது. அதற்கு முன்பே மாநகராட்சியில் இருந்த பகுதிகளுக்கு ஒரு அட்டவணை, அம்பத்தூர், மாதவரம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் போல் பிறகு சேர்ந்த பகுதிகளுக்கு வேறொன்று.

பழைய பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. சேர்க்கப்பட்ட பகுதிகளில் அதே வரிசையில் 25, 50, 75, 100. வணிகக் கட்டடங்களுக்குப் பழைய பகுதியில் 150 சதவீதம்.

"150 சதவீதம் ஏறியது" என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பலர் தங்கள் வீட்டுக்கும் அதுதான் என்று நினைத்தார்கள். குடியிருப்புகளில் அந்த எண் பழைய பகுதியில் 1,800 சதுர அடியைத் தாண்டியவற்றுக்கு மட்டும். அப்புறம், 150 சதவீத உயர்வு என்றால் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டரை மடங்கு. 100 ரூபாய் வரி 250 ஆகும்.

நம் உதாரண வீடு பழைய பகுதியில் இருந்தால் 2,031 ரூபாயோடு 75 சதவீதம் சேர்ந்து 3,554 ஆகியிருக்கும்.

ஒரேயடியாக 75 சதவீதம் என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதை 1998 முதல் 2022 வரையிலான 24 ஆண்டுகளில் பரப்பிப் பார்த்தால் ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. 150 சதவீதம்கூட ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவுதான். அந்த 24 ஆண்டுகளில் அரிசி, பெட்ரோல், பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். உயர்வின் அளவைவிட, அதை இத்தனை காலம் தள்ளிப்போட்டு ஒரே தவணையில் இறக்கியதுதான் தவறு என்பது என் கருத்து. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்திருந்தால் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் திடீரென்று திண்டாட வேண்டியிருக்காது.

## பத்து சதுர அடியின் விலை

இந்த அட்டவணையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வருமானவரியில் ஒரு படியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே அப்படியில்லை. படியைத் தாண்டினால் முழு வீட்டுக்கும் கூடுதல் விகிதம்.

ஒரே தெரு, விகிதம் அதே 1 ரூபாய் 50 காசு. ஒரு ஃபிளாட் 1,200 சதுர அடி, பக்கத்து ஃபிளாட் 1,210. உயர்வுக்கு முன் அரையாண்டு வரி 2,437 ரூபாய், 2,458 ரூபாய். இருபது ரூபாய் வித்தியாசம். உயர்வுக்குப் பின் முதல் ஃபிளாட்டுக்கு 75 சதவீதம் கூடி 4,265, இரண்டாவதற்கு 100 சதவீதம் கூடி 4,915. பத்து சதுர அடிக்காக ஒவ்வோர் அரையாண்டும் 650 ரூபாய் அதிகம்.

அதனால்தான் உங்கள் வீட்டின் பரப்பு மாநகராட்சிப் பதிவில் என்னவென்று பார்ப்பது முக்கியம். ஃபிளாட் வாங்குகிறவர்களுக்குப் பல பரப்புகள் தெரியும். சுவருக்குள் கால் வைக்கும் இடம் கார்பெட் ஏரியா. சுவர்களையும் சேர்த்தால் பிளிந்த் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்து பில்டர் விற்பது சூப்பர் பில்ட்-அப். மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு யுடிஎஸ். வரிக்கு அடிப்படை பிளிந்த் ஏரியா. விளம்பரத்தில் போட்ட எண்ணை அப்படியே படிவத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் கூடுதலாகக் கட்டுவது நடக்கக்கூடியதுதான். மாடியில் ஒரு அறை எடுத்துவிட்டு அதைத் தெரிவிக்காமல் இருப்பது இன்னொரு பக்கம். மறு அளவீட்டில் பிடிபட்டால் பழைய நிலுவையும் சேர்ந்து வரும்.

## ஆண்டுக்கு ஆண்டு 6 சதவீதம்

2022க்குப் பிறகு வந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. மத்திய அரசிடமிருந்து நகரங்களுக்கு வரும் மானியத்துக்கு 15ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. மாநிலம் சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். அதன் பிறகு சொத்துவரி வசூல், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஒவ்வோர் ஆண்டும் வளர வேண்டும். இதை ஒட்டித் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது என்று ஏற்பாடு வந்தது. சென்னையில் 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டுக்கு 6 சதவீதம் கூட்டப்பட்டது.

நம் வீட்டின் 3,554 ரூபாய் 6 சதவீதம் கூடி 3,768 ஆகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிதாக ஏற்றுவதற்குப் பதில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் முறை இது. 24 ஆண்டு உறங்கிவிட்டு எழுந்ததைவிட இது எவ்வளவோ தேவலை.

## பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைவு

இப்போது இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம். ஒரே அளவு வீடுகளுக்கு வேறு வேறு வரி வர நியாயமான காரணங்கள் பல உண்டு. முனை வீடாக இருந்தால் அவர் வீடு வேறு தெருப் பெயரில் பதிவாகி, விகிதம் குறைவாக இருக்கலாம். கட்டடம் உங்களுடையதைவிடப் பழையதாக இருக்கலாம். உங்கள் தரைத்தளத்தில் ஒரு சிறு தையல் கடையோ கிளினிக்கோ இருந்தால் அந்தப் பகுதிக்கு வணிக விகிதம் வந்திருக்கும். அட்டவணையில் அது குடியிருப்பு விகிதத்தைவிடப் பல மடங்கு என்பதை மேலே பார்த்தோம். கடையைக் காலி செய்து மறுபடி வீடாக்கிய பிறகும் பதிவை மாற்றாமல் வணிக வரியே கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் இருக்கக்கூடும். அவர் மாடி கட்டியது பதிவேறாமல் இருப்பதும் ஒரு காரணமாகலாம். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் வித்தியாசம் விளங்கவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெற்று மனைக்கும் வரி உண்டு. அது காலிமனை வரி. அங்கே வாடகை கிடையாது என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. மனையின் பரப்பையும் அது எந்த வகைச் சாலையில் இருக்கிறது என்பதையும் வைத்துத் தொகை வரும்.

## ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு குழப்பங்கள்

சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரியை வாங்குவது மாநகராட்சியல்ல, குடிநீர் வாரியம். ஆனால் அதற்கும் அடிப்படை இதே ஆண்டு மதிப்புதான். அதில் ஆண்டுக்கு 7 சதவீதம். 16,380 ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 1,147 ரூபாய். மாநகராட்சிப் பதிவில் ஆண்டு மதிப்பு தவறாக இருந்தால் இந்த வரியும் சேர்ந்து தவறாகும். தண்ணீர் பயன்பாட்டுக்கான கட்டணம் இதில் சேராது, அது தனி.

இரண்டாவது குழப்பம் இன்னும் ஆபத்தானது. வரி ரசீது என் பெயரில் இருக்கிறது, ஆகவே வீடு என்னுடையது என்று நினைப்பது. மாநகராட்சி வரி வாங்குவது கட்டடம் இருப்பதற்காக. அது யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. உரிமைக்கு ஆதாரம் பத்திரமும் அதன் தொடர் ஆவணங்களும்தான். வரி ரசீது ஒரு துணைச் சான்றாக உதவலாம், அதற்குமேல் எடை கிடையாது. வீடு வாங்கியதும் வரிப் பதிவில் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். ஆனால் வில்லங்கம் பார்க்காமல் ரசீதை மட்டும் நம்பி யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

## மற்ற ஊர்களில்

வாடகையை வைத்துக் கணக்குப் போடுவது ஒன்றுதான் வழி என்பதில்லை. டெல்லி 2004இலும் பெங்களூரு 2008இலும் அலகுப் பரப்பு முறைக்கு மாறின. ஊரைப் பல வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சதுர அளவுக்கு இத்தனை என்று வைத்து, உரிமையாளரே கணக்கிட்டுக் கட்டும் முறை அது. மும்பை 2010 முதல் மூலதன மதிப்பை, அதாவது சொத்தின் சந்தை விலையை ஒட்டிய மதிப்பை எடுத்துக்கொண்டது. ஆகவே "வீட்டு விலை ஏறினால் வரி ஏறும்" என்று மும்பைவாசி சொன்னால் அதில் பெரும்பகுதி உண்மை. அதையே சென்னையில் சொன்னால் பொருந்தாது. சென்னை முறை பெயருக்கு வாடகை முறை என்றாலும், தெரு விகிதம் நிர்ணயமாகிவிட்டதால் நடைமுறையில் அலகுப் பரப்பு முறைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

## உங்கள் ரசீதைச் சரிபார்ப்பது

மாநகராட்சியின் இணையதளத்தில் உங்கள் மண்டலம், வார்டு, வரி விதிப்பு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் கணக்கு விவரம் வரும். தொகையை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்: பரப்பு, பயன்பாடு, தெருப் பெயர். தவறுகள் பெரும்பாலும் இவற்றில்தான் நுழையும். சதவீதத்தைப் பற்றி உதவி வருவாய் அலுவலரிடம் வாதாடிப் பயனில்லை, அது அவர் கையில் இல்லை. பரப்பு தவறென்றால் அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தையும் பத்திர நகலையும் வைத்து எழுத்தில் கேட்டால் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லலாம்.

புதிதாக வரி விதித்தாலோ உயர்த்தினாலோ அறிவிப்பு வர வேண்டும். அதில் ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடு இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். மாநகராட்சி அளவில் தீரவில்லை என்றால் வரி மேல்முறையீட்டுக்குப் போகலாம், அதற்குமேல் நீதிமன்றம். மேல்முறையீடு செய்கிறேன் என்பதற்காகக் கட்டாமல் இருந்துவிடக் கூடாது. பொதுவாக வரியைச் செலுத்திவிட்டுத்தான் முறையிட முடியும். உங்கள் பக்கம் முடிவானால் கூடுதலாகக் கட்டிய தொகை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளப்படும்.

கட்டும் நாளும் கணக்கில் வரும். சென்னையில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. நம் உதாரண வீட்டுக்கு அது 188 ரூபாய். அரையாண்டு முடிந்தும் கட்டாமல் விட்டால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஏறத் தொடங்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: வரி கட்டும் பொறுப்பு உரிமையாளருடையது. உங்கள் ஒப்பந்தத்தில் அதை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.